குறையாத போத்தல்

மண்ணெண்ணெய் விலை ஏறிய அந்த வருஷம் திருகோணமலையில் எல்லார் வீட்டிலும் ஒரே புலம்பல்தான். ஜெமீலா மட்டும் புலம்பவில்லை. அதுதான் அவள் புருஷன் மஹ்ரூப்புக்குச் சந்தேகமாக இருந்தது.

வேறொருவன் என்றால் இப்படி ஒரு மனைவி வாய்த்ததற்கு அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்திருப்பான். மஹ்ரூப் துறைமுகப் பக்கம் அருளம்பலம் முதலாளியின் மண்ணெண்ணெய் ஸ்டோரில் காவல்காரன். போகிறவன் வருகிறவனையெல்லாம் கள்ளனாகப் பார்ப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அந்தப் பார்வையை ஸ்டோர் வாசல் கேற்றிலேயே விட்டுவிட்டு வர அவனுக்குத் தெரியாது. பள்ளிவாசலில்கூட ஒரு கண் செருப்பின் மேல்தான் இருக்கும், பாவம்.

ஸ்டோர் பீப்பாக்களில் கணக்குக்கு வராமல் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. அவன் வீட்டில் ஜெமீலா சமைக்கும் குசினி மூலையில் நின்ற எண்ணெய்ப் போத்தலிலோ குறைவதாயில்லை. பகல் சாப்பாட்டுக்கு வருவான். சோற்றில் ஆவி பறக்கும். எண்ணெய் அடுப்பான குக்கரைத் தொட்டால் குளிர்ந்து கிடக்கும்.

"எப்ப புள்ள சோறாக்கினது?"

"இப்பதான்."

"குக்கர் குளிர்ந்து கிடக்கே."

"உங்களுக்குச் சோறு வேணுமா, குக்கர் வேணுமா?" என்று சிரித்தாள் ஜெமீலா.

அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய தம்பி ஹிஸ்புல்லா அதே ஸ்டோரின் கைவண்டியில் தெருத்தெருவாக எண்ணெய் விற்பவன். வேலை எடுத்துக் கொடுத்ததே மஹ்ரூப்தான். ஒருநாள் ஹிஸ்புல்லா சாக்கு மூட்டையோடு பின்வேலியால் வீட்டுக்குள் போவதைச் சந்தியில் நின்று கண்டான். பிறகென்ன, ஸ்டோர் எண்ணெய் அந்த மூட்டைக்குள் வந்து போத்தலை நிரப்புவது விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

காவல்காரன் வீட்டில் களவெண்ணெய் பிடிபட்டால் முதலில் போவது காவல்காரனின் வேலை. அடுத்த நாள் காலையில் முதலாளியிடம் போய் நின்றான்.

"எனக்கு ஹிஸ்புல்லாவிலதான் சந்தேகம், முதலாளி."

அருளம்பலம் ஒன்றும் கேட்கவில்லை. கைவண்டியைப் பறித்துக்கொண்டு ஹிஸ்புல்லாவை வெளியே அனுப்பினார். அவனுடைய பிள்ளைகளின் வயிறு அந்த வண்டியில்தான் ஓடியது. போகும்போது அவன் மச்சானை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். மஹ்ரூப் பீப்பாவைப் பார்த்தான்.

இனி வீட்டிலிருக்கும் எண்ணெயையும் ஒழித்துவிட வேண்டும். வழக்கத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்தான். ஜெமீலா கிணற்றடியில் நின்றாள். குசினி, அலுமாரி, கூரைத் தாவாரம் எல்லாம் துழாவினான். கட்டிலுக்கடியில் பழைய தேயிலைப் பெட்டி ஒன்று, சாக்கால் இறுக்க மூடிக் கிடந்தது. இழுத்துத் திறந்தான். உள்ளே கழுத்து வரைக்கும் உமி. உமிக்குள் கையை விட்டவன் வெடுக்கென்று எடுத்தான். சுட்டது. எண்ணெய்த் தகரமில்லை, சோற்றுப்பானை.

"திறந்திட்டீங்களா?" ஜெமீலா ஈரக்கையோடு வாசலில் நின்றாள். "போச்சு. இனி அது வேகாது."

"என்ன இது?"

"ஒரு கொதி வந்ததும் குக்கரை அணைச்சுப்போட்டுப் பானையை உமிக்குள்ள புதைக்கிறது. அந்தச் சூட்டிலயே சோறு வெந்திரும். எண்ணெய் மிச்சம். முதல்ல சொன்னால் நீங்க பகிடி பண்ணுவீங்க. ஒரு மாசம் சாப்பிட்டு முடிய சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"உன்ட தம்பி கொண்டுவந்த மூட்டை?"

"மூதூர் ஆலை உமி. ஏன், என்ன நினைச்சீங்க?"

அவன் திரும்பி ஸ்டோருக்கு ஓடினான். வியர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் சொன்னான். அருளம்பலம் கண்ணாடியைக் கழற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெருப்பில்லாமச் சோறு வேகுதோ? காலமை மச்சான் கள்ளன். மத்தியானம் மச்சான் நல்லவன். இதில உமக்கு எவ்வளவு பங்கு?"

அன்றிலிருந்து மஹ்ரூப் வீட்டுக்குப் போகும்போது அவனுடைய பையையும் கொட்டிப் பார்த்தார்கள்.

பிறகு அடிப்பீப்பா ஒன்றின் பொருத்து விலகி எண்ணெய் மணலுக்குள் இறங்கியிருந்தது தெரிய வந்தது. முதலாளி ஹிஸ்புல்லாவுக்கு ஆளனுப்பினார். அவன் குடும்பத்தோடு மூதூருக்குப் போய்விட்டான். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை; தேடி வந்த ஆள் சொல்லித்தான் காட்டிக்கொடுத்தது யார் என்று ஜெமீலாவுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் பகல் மஹ்ரூப் வந்தபோது முற்றத்தில் உமி கொட்டிக் கிடந்தது. கோழிகள் அதைக் கிளறிக்கொண்டு நின்றன. குசினியில் குக்கர் புகை கக்கி எரிந்தது. சோறு எப்போதோ வெந்துவிட்டது, ஆனாலும் அவள் அணைக்கவில்லை.

"ஏன் புள்ள சும்மா எரியவிட்டிருக்கிறாய்? எண்ணெய் விற்கிற விலையில..."

ஜெமீலா போத்தலைத் தூக்கி அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"குறையுதுதானே? வடிவாப் பாத்துட்டுச் சாப்பிடுங்க."