பச்சைப்பயறு அளவு பேஸ்ட்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்குப் பெரியவர் சென்னிமலை, அவர் மனைவி சௌந்திரம், மகன் மோகன்குமார், மருமகள் தனப்பிரியா, சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் சபரிநாதன். ஆறாவது ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு அவர்கள் ஊரான மல்லசமுத்திரத்தில் இதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்கள் ஐம்பது பேருக்குக் குறையாது.

மேசைமேல் தனப்பிரியாவின் கம்ப்யூட்டர் படுத்துக் கிடந்தது. இரண்டு நாளாக அதில் உயிர் இல்லை. கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். திங்கட்கிழமை சாயங்காலம் கொடுக்க வேண்டிய படத்தில் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றுபோனது. கருகல் வாடை வந்தது. அவ்வளவுதான்.

சபரிநாதன் திருப்புளியை எடுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினார். சென்னிமலை நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் உட்காருவார். ஆனால் அன்று வலது கைக் கட்டைவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். சித்திரை வெயிலில் அந்த மெஷின் சூடாகிச் சூடாகித் தானாக அணைந்துகொண்டிருந்தது. சபரிநாதனைப் போனில் கேட்டபோது, "ப்ராசஸருக்கும் மேல இருக்கிற ஹீட் சிங்குக்கும் நடுவுல ஒரு பேஸ்ட் இருக்குமுங்க. சூட்டை வெளியே கடத்தறது அதுதான். கம்பெனியில வெச்சது காஞ்சு போயிருக்கும். வெளியில நல்ல பேஸ்ட் கிடைக்குது, அத வெச்சுக்கலாம்" என்றார். மோகன்குமார் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் வாங்கி வந்தான். ஊசி மருந்துக் குழாயாட்டம் சின்னதாக இருந்தது. "நீங்க தொட வேண்டாமுங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து வெச்சுத் தாரேன். பச்சைப்பயறு அத்தனாம்பெருசு போதும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

சென்னிமலைக்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருசம் ரிக் வண்டி வைத்துப் பாறையைத் துளைத்துப் போர்க்கிணறு போட்டவர் அவர். ஆந்திராவிலும் ஒரிசாவிலும் நடுக்காட்டில் வண்டி நின்றபோதுகூட வெளியாளை இன்ஜினைத் தொட விட்டதில்லை. நம் மெஷினை இன்னொருவன் திறப்பது நம் வீட்டுப் பெட்டியை இன்னொருவன் திறப்பது போல என்பது அந்தக் குடும்பத்து நடைமுறை. அதிலும் மருமகள் உட்காரும் அறையில் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டு திருகைக் கழற்றுவதா?

வெள்ளிக்கிழமை மகனும் மருமகளும் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். சென்னிமலை குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார்.

குழாயில் இருந்த பேஸ்ட் முழுவதையும் பிதுக்கினார். ரிக் வண்டியில் பேரிங்குக்கு கிரீஸ் வைத்தால் ஓரத்தில் பிதுங்கி வெளியே வர வேண்டும். வந்தால்தான் நிறைந்தது என்று அர்த்தம். இதில் ஓரம் காய்ந்தே இருந்தது. அவர் கொட்டாய்க்குப் போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தார். துளைபோடும் ராடுகளின் திருகு மரையில் தடவுகிற, செம்புத்தூள் கலந்த கிரீஸ். எண்ணூறு அடி ஆழத்தில் பாறைச் சூட்டைத் தாங்குவது, இந்த விரல்நகம் அத்தனை சில்லின் சூட்டைத் தாங்காதா?

சௌந்திரம் கதவோரம் நின்று பார்த்தாள். "ஏனுங்க, அந்தக் கடைக்காரரு பயறு அத்தனதான்னு சொன்னாராமா?"

"பயறு யாவாரமா பண்றான் அவன்? நீ போயி அடுப்பைப் பாரு."

கட்டைவிரலால் வழித்து வழித்துத் தடவினார். திருகை முடுக்கியதும் நாலு பக்கமும் அழகாகப் பிதுங்கியது. அவருக்கு மனசு நிறைந்தது.

சாயங்காலம் வந்த மருமகளிடம், "பேஸ்ட் போட்டாச்சு சாமி. இனிப் பத்து வருசத்துக்குக் கவலை இல்ல" என்றார். சபரிநாதனுக்கும் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சனி, ஞாயிறு ஓடியது. திங்கட்கிழமை உச்சி வெயிலில் கிரீஸ் இளகி வழிந்து, கீழே இருந்த நுண்ணிய கம்பிகளுக்குள் இறங்கிவிட்டது. அதிலிருந்த செம்பு வழியாக மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்து எல்லாம் கருகிப்போனது.

சபரிநாதன் ஹீட் சிங்கைத் தூக்கினார். அடியில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"ஐயா, நான் குடுத்த பேஸ்ட் சாம்பல் நிறமுங்க. இதுல செம்பு மின்னுது."

"சூட்டுல நிறம் மாறியிருக்கும்" என்றார் சென்னிமலை.

"அப்படி மாறாதுங்கய்யா."

தனப்பிரியா மெதுவாகக் கேட்டாள்: "மாமா, அதோட வேற எதாச்சும் வெச்சீங்களா?"

இத்தனை வருசத்தில் அந்த வீட்டில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான். மூன்று ஊருக்கு நியாயம் சொல்லப் போகிறவர். ஆமாம் என்று ஒரு சொல் வாய்வரை வந்தது. மருமகளுக்கு முன்னால், வெளியாளுக்கு முன்னால் அதைச் சொல்ல அவர் முதுகு வளையவில்லை.

"கடையில குடுத்ததத்தான் வெச்சேன்."

சபரிநாதன் மோகன்குமாரைப் பார்த்தார். மோகன்குமார் இன்றைக்கும் ரிக் ஓட்டுகிறவன். அந்தக் கிரீஸை இருட்டில் வாடையை வைத்தே சொல்லிவிடுவான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றான். சௌந்திரம் மோர் டம்ளரோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

"சரிங்க" என்றார் சபரிநாதன். "மதர்போர்டு, ப்ராசஸர் ரெண்டும் போச்சு. இனி நான் பண்றதுக்கு ஒண்ணுமில்லீங்க." திருப்புளிகளைத் துணியில் சுற்றினார். சௌந்திரம் நீட்டிய மோரை வாங்கி, குடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் டீக்கடையில் ரிக் வண்டி வைத்திருக்கும் கருப்பண்ணன் சென்னிமலையைப் பிடித்துக்கொண்டார். "என்னுங்க மச்சான், நீங்க கை வெச்ச மெஷினே படுத்துக்கிச்சாமா? ஊரே சிரிக்குது போங்க!"

"நான் என்ன பண்றது? கடைக்காரன் டூப்ளிகேட் பேஸ்ட்டைக் குடுத்துப்போட்டான்."

ஒரே ஒரு தடவைதான் சொன்னார். வேறு ஒருவர் சொல்லியிருந்தால் அது டீக்கடையோடு போயிருக்கும். சென்னிமலை பொய் சொல்லமாட்டார் என்பது திருச்செங்கோடு வரை தெரிந்த விஷயம். அந்தப் பக்கத்து ரிக் ஆபீஸ்களின் கம்ப்யூட்டரை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் சபரிநாதன். ஒவ்வொரு ஆபீசாக அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியது.

தனப்பிரியாவின் இடத்துக்குக் கம்பெனி வேறு ஆளைப் போட்டுக்கொண்டது. அவள் மாமனாரிடம் மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை. நேரத்துக்குச் சோறு வைத்தாள், வெந்நீர் வைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்கவில்லை. மழை வருமா என்றுகூடக் கேட்கவில்லை. சென்னிமலையின் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் செம்புக் கறை வெகுநாள் போகாமல் இருந்தது. சாப்பிடும்போது அது அவர் கண்ணில்தான் முதலில் பட்டது.

ஆடி பிறந்து ஒரு வாரத்தில் அவர் பஸ் ஏறிச் சேலம் போனார். எங்கே என்று சௌந்திரம் கேட்கவில்லை. செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் மூட்டை இறக்குகிறவர்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே நடந்து, மாடிப்படி ஏறினார். என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பஸ்ஸிலேயே மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தார். ஷட்டர் இறங்கியிருந்தது. பெயர்ப்பலகை கழற்றிய இடத்தில் நாலு ஆணி இருந்தது.

பக்கத்துத் தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அவரு காலி பண்ணிட்டுத் திருப்பூர் போயிட்டாருங்க. பனியன் கம்பெனியில வேலையாம். போன் நம்பரும் மாத்திட்டாரு. டூப்ளிகேட் சரக்கு வித்தாருன்னு பேரு கெட்டுப்போச்சு, பாவம்." சென்னிமலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களையும் ஏமாத்திட்டாருங்களா?" என்றார்.

"இல்லை" என்றார் சென்னிமலை. படியிறங்கி வந்து பஸ் ஏறினார். உட்கார இடம் இருந்தும் மல்லசமுத்திரம் வரை நின்றுகொண்டே வந்தார்.

செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் சென்னிமலை வீட்டுக்கு டூப்ளிகேட் பேஸ்ட் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்றும், அதனால்தான் ஊரைவிட்டு ஓடினார் என்றும் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். சபரிநாதன் கொடுத்தது நல்ல பேஸ்ட். அதன்மேல் செம்பு கிரீஸைத் தடவியவர் சென்னிமலை.