ரசமட்டத்தில் சிக்கிய தோள்

டமார்! கட்டிலிலிருந்து அக்காவின் முதுகுப் பிரேஸ் உருண்டு தரையில் விழுந்தது. அதில் கால் தடுக்கிச் சின்னவளும் விழுந்தாள்.

அடுப்படியிலிருந்து ஓடி வந்த அம்மா முதலில் தூக்கியது பிரேஸைத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எங்காவது கீறல் விட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் முட்டியில ரத்தம் வருது!"

"கழுவிக்கடி. இது உடைஞ்சா அக்கா கதி என்ன ஆகும்?"

அக்கா, அக்கா, அக்கா! அவள் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது என்று தெரிந்த நாளிலிருந்து வீடே அவளைச் சுற்றித்தான் சுழன்றது. தினமும் காலையில் அம்மா அந்த வெள்ளை பிளாஸ்டிக் கூட்டை அவள் உடம்பில் மாட்டி, முதுகுப் பக்கப் பட்டைகளை இழுத்து இறுக்குவாள். கூடவே கதை, சிரிப்பு. வாசலில் நின்று பார்க்கும் சின்னவளுக்கு வயிறு எரியும்.

தனக்கும் முதுகு வளைந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தாள். வலது தோளைத் தாழ்த்தி நடந்து பழகினாள்.

"என்னடி, சக்கரம் கழண்ட வண்டி மாதிரி சாய்ஞ்சு வர்ற?" என்று அப்பாகூடக் கேட்டுவிட்டார்.

ஒருநாள் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். "வளைவு கூடல. வளர்ற வயசுல அதைப் பிடிச்சு நிறுத்துறதுதான் பிரேஸோட வேலை. உயரம் வளர்றது நிக்கிற வரைக்கும் விடாம போடணும்." பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "கூடப் பிறந்தவங்களுக்கும் வரலாம். வா, உன்னையும் பாத்துடலாம்."

சின்னவளுக்கு உச்சி குளிர்ந்தது. தோளைத் தாராளமாகத் தாழ்த்திக்கொண்டு போய் நின்றாள்.

"ஐயோ, இவளுக்குமா?" அம்மா பதறி எழுந்தாள். அந்தப் பதற்றம் தேனாக இனித்தது.

"முட்டி மடங்காம குனி. ரெண்டு கையையும் சேத்துத் தொங்கவிடு."

இதை அவள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. குனிந்ததும் தோள்கள் தாமாகச் சமமாகிவிட்டன. டாக்டரம்மா கொத்தனாரின் ரசமட்டம் போன்ற சிறு கருவியை முதுகின் குறுக்கே வைத்தார். உள்ளே இருந்த குண்டு நடுவிலேயே நின்றது.

"ஒரு பக்கமும் புடைக்கல. கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு. தோளை நீயாத்தான் சாய்ச்சியா, கள்ளி?"

சின்னவள் ஓவென்று அழுதாள். அம்மா அவளை வாரி அணைத்து, முதுகை மேலும் கீழும் தடவினாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் அக்கா கேட்டாள். "நல்லா இருக்குன்னா எதுக்குடி அழுத?"

"உன்னை மட்டும் தினமும் அம்மா கட்டிப்பிடிச்சு மாட்டி விடுறாங்கல்ல!"

அக்கா தன் மார்பை மூடியிருந்த பிளாஸ்டிக் கூட்டை விரலால் தட்டினாள். டொக் டொக்.

"மக்கு, அவங்க கட்டிப்பிடிக்கிறது இதைத்தான்டி. இப்ப உன் முதுகைத் தடவினாங்களே, எனக்கு அப்படியே வயிறு எரிஞ்சுது."