இரண்டு துண்டு சூயிங் கம்

கருவிலிருக்கும் எலிக்குட்டிகளின் மூளையை ஆராய்வது என் வேலை. அந்த மூளையில் நிகோட்டினிக் ஏற்பிகள் என்று ஒரு வகைப் பூட்டு இருக்கிறது. மூளை தானாகச் சுரக்கும் ஒரு வேதிப்பொருள் அந்தப் பூட்டைத் திறந்து, நரம்பணுக்கள் எப்போது வளர வேண்டும், எதனோடு சேர வேண்டும் என்று வழிகாட்டும். சிகரெட்டில் இருக்கும் நிகோட்டின் கள்ளச்சாவி. நேரங்கெட்ட நேரத்தில் வந்து திறந்துவிடும். இதை என் புருஷன் சுஹைபிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு, கீழே காப்பிக்கடையில் புகைபிடிக்க ஒதுக்கிய மஞ்சள் கோட்டுக்குள் போய் ஊதிவிட்டு வருவார்.

நான் உண்டானதும், "விட்டுட்டேன் அமீரா" என்றார். பாதிதான் நம்பினேன்.

இப்போது ஐந்தாம் மாதம். குமட்டல் இன்னும் நின்றபாடில்லை. வாய்க்கசப்புக்கு ஒரு சூயிங் கம் கிடைக்காதா என்று புலம்பிக்கொண்டே இருந்தேன். சிங்கப்பூரில் அதற்கு எங்கே போவது? கடையில் விற்கக்கூடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் டன்லப் ஸ்ட்ரீட் துணிக்கடைக்குப் போயிருந்தபோது, அவர் வீட்டில் விட்டுப்போன பையைக் குடைந்தேன். பொய் சொல்வானேன், சிகரெட்டைத் தேடித்தான். கிடைத்ததோ பேர் ஒட்டாத ஒரு சின்ன தகர டப்பா நிறைய சூயிங் கம். மனுஷன் எனக்காக எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து கடத்திக்கொண்டு வந்திருக்கிறார் என்று உருகிப்போனேன். ஒன்றை மென்றேன். மிளகு கடித்த மாதிரி எரிந்தது. ஆசையாக வாங்கி வந்ததைக் குறை சொல்லலாமா என்று இன்னொன்றையும் மென்றேன்.

பொங்கோலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவர் திரும்பியபோது டப்பா மேசைமேல் திறந்து கிடந்தது. அவர் முகம் வெளிறியது.

"எத்தன சாப்ட்ட?"

"ரெண்டு. ஏன் மச்சான், எனக்குத்தானே வாங்குனீங்க?"

"அது நிகோட்டின் கம். சிகரெட்ட விடுறதுக்கு பார்மசில வாங்குனது. மருந்துன்னா இங்கயும் விப்பாங்க."

இத்தனை வருடம் நுண்ணோக்கியில் பார்த்த அத்தனை எலி மூளைகளும் கண்முன் வந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர்தான் என் பிரசவ டாக்டர் சங்கீதாவுக்குப் போன் போட்டார்.

"ரெண்டு துண்டுக்கு ஒண்ணும் ஆகாது லா," என்றார் டாக்டர். "இனிமே மட்டும் வேணாம். நீங்கதானே இதுல ரிசர்ச் பண்றீங்க, டோஸ் பத்தி உங்களுக்கே தெரியாதா?"

தெரியும்தான். என் பிள்ளை என்றதும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது.

பயம் போனதும் கோபம் வந்தது. "என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"எத்தனையோ வாட்டி விட்டேன்னு சொல்லித் தோத்துட்டேன். ஒவ்வொரு வாட்டியும் நீ லெக்சர் குடுத்த. இந்த வாட்டி முழுசா ஜெயிச்சுட்டு கம் பத்தி சொல்லலாம்னு பாத்தேன்." டப்பாவை அப்படியே கீழ்த்தளத்துக்குப் போய் விழும் குப்பைக் குழாயில் போட்டுவிட்டு வந்தார். "இது இனிமே இந்த வீட்டுல இருக்கக்கூடாது."

கொஞ்ச நேரத்தில் அவர் கால் ஆட ஆரம்பித்தது. பிறகு செருப்பைத் தேடினார். "சும்மா கீழ போயிட்டு வரேன்."

எங்கே என்று எனக்குத் தெரியாதா?

"மொத சிகரெட் எப்போ புடிச்சீங்க?" என்று கேட்டேன். இத்தனை நாளில் நான் கேட்காத கேள்வி.

"செகண்டரி த்ரீ. பதினஞ்சு வயசு."

பதினைந்து வயதில் மூளை இன்னும் கட்டி முடிந்திருக்காது. அப்போதும் அதே பூட்டுகள், அதே கள்ளச்சாவி. இதை மாநாட்டு மேடையில் பேசியிருக்கிறேன். எலிக்குட்டிக்காக உருகுகிற நான், இவரை மட்டும் மனஉறுதி இல்லாதவர் என்று திட்டித் தீர்த்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

"இருங்க, நானும் வரேன்" என்று தலைத்துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். காப்பிக்கடைப் பக்கம் திரும்பப் போனவரின் கையைப் பிடித்துப் பார்மசிக்கு இழுத்துப் போனேன்.

நான் நிகோட்டின் கம் கேட்டதும், அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் வைஷாலி என்ற பெண் என் வயிற்றைப் பார்த்துத் தயங்கினாள். "யாருக்குக்கா?"

"பிள்ளையோட வாப்பாவுக்கு," என்றேன். "அவரோடதும் எங்க வீட்டு மூளைதான்."