இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே மழை

அந்தச் சின்னக் கம்பெனியின் ஏழாவது இசைத்தட்டைப் போட்டால், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இரண்டடி அகலத்துக்கு மழை பெய்யும். முள்ளைத் தூக்கினால் நின்றுவிடும். மட்டமான பாட்டுப்பெட்டியில் வெறும் ஈரக்கசிவுதான். நல்ல பெட்டியில் துளித்துளியாக எண்ணலாம். வாங்கியவர்கள் முதல் வாரம் தரையைத் துடைத்தார்கள், இரண்டாம் வாரம் வாளி வைத்தார்கள், பிறகு பழகிவிட்டது.

காரணம் பெரிய ரகசியமில்லை. கம்பெனி என்பதே ஒரே ஆள். பழைய தையற்கூடம் ஒன்றில், ஒரே மைக்கைச் சுற்றி வாசிப்பவர்களை உட்காரவைத்து, ஒரே மூச்சில் பதிவு செய்வான். வெட்டு ஒட்டு கிடையாது. யாராவது இருமினால் இருமலும் தட்டில் ஏறும். ஏழாவது தட்டின்போது வயலின்காரர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருக்க, மழை பிடித்துக்கொண்டது. கம்பெனிக்கார மனுஷன் பின்கதவைச் சாத்த மறந்திருந்தான். வேறு யாராயிருந்தாலும் மறுபடி வாசிக்கச் சொல்லியிருப்பார்கள். இவன், "பெஞ்சது பெஞ்சதுதானே" என்று அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டான்.

ஊரில் இருந்தது ஒரே இசைத்தட்டுக் கடை. அங்கே விற்பனைக்கு நின்றவளுக்குச் சிபாரிசு அக்கா என்றே பெயர். முள் வாங்க வந்தவரையும் விடமாட்டாள், வழி கேட்க வந்தவரையும் விடமாட்டாள். "அஞ்சு நிமிஷம் உக்காந்து இதக் கேட்டுட்டுப் போங்க" என்பாள். அந்தக் கம்பெனிக்காரன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவள் கல்யாணத்தன்று ரெக்கார்டிங் இருக்கிறது என்று வராமல் போன புண்ணியவான். பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவன் முகத்தில் முழிக்கமாட்டாள். தட்டுகளை மட்டும் கண்ணுக்கு நேரே அடுக்குவாள். கோபம் அவன்மேல்தானே, சத்தத்தின்மேல் இல்லையே!

கடைக்கு மற்ற தட்டுகளையெல்லாம் அனுப்பும் பெரிய கம்பெனியின் மேலாளர் ஒருநாள் வந்தார். மழையை இயந்திரத்தில் போட்டு நீக்கி நாங்களே வெளியிடுகிறோம் என்று கேட்டும் தம்பி மசியவில்லையாம். ஆகவே அவன் தட்டு இங்கே இருந்தால் எங்கள் சரக்கு வராது என்றார். இந்தக் கடையை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. தையற்கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். கடை முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "தம்பின்னு தூக்கிப் பிடிக்காதம்மா" என்றார்.

வந்ததே கோபம் அவளுக்கு!

"தம்பியா? அவனுக்கு நான் ஒரு வாய் தண்ணி குடுக்கமாட்டேன். தட்டுல குறை இருந்தாச் சொல்லுங்க, இப்பவே தெருவுல வீசறேன்."

கடையிலேயே பெரிய பெட்டியின் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நாற்காலி போட்டு, மேலாளரை உட்காரவைத்து முள்ளை இறக்கினாள். அவர் சட்டை தோளில் ஒட்டிக்கொண்டது.

"இதெல்லாம் வெறும் இரைச்சல்" என்றார், மூக்கு நுனியில் சொட்டச் சொட்ட.

"அப்படியா? நான் நனையலன்னு எழுதிக் குடுங்க. எல்லாத்தையும் எடுத்துடறேன்."

எழுதினார். மை கரைந்து ஓடியது. இன்னொரு தாள் கேட்டு வாங்கினார், அதுவும் கரைந்தது. மூன்றாவது தாளை மடியில் வைத்துக்கொண்டு, தட்டின் அந்தப் பக்கம் ஓடி முடியும்வரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போனார். ஆனாலும் சொன்னபடி சரக்கை நிறுத்திவிட்டார்.

அலமாரிகளில் முக்கால்வாசி காலியாயின. அவள் தம்பியின் பத்தொன்பது தட்டுகளையும் இடம் விட்டு இடம் விட்டுப் பரப்பி, கடை நிறைய வைத்தாள். வெளியூர்க்காரர்கள் குடையோடு வரத் தொடங்கினார்கள். முதலாளி தரையில் ஒரு துளை போட்டு, தண்ணீர் வெளியே போகக் குழாய் பதித்தார்.

விஷயம் தெரிந்து தம்பி வந்தான். தட்டு ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கு இந்தப்பக்கமே நின்றான்.

"பின்கதவச் சாத்தியிருக்கணும்க்கா."

"சாத்தியிருந்தா உன்னக் கொன்னிருப்பேன்."

ஒரு டம்ளரை ஸ்பீக்கருக்கு நடுவே நீட்டிப் பிடித்தாள். நிரம்பியதும் அவனிடம் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டான்.