மாவு பிசையும் கை

கனடாவின் சர்ரே நகரத்துச் சமோசா தொழிற்சாலையில் பரம்ஜித் பாதன் ஆறு வருடமாக மாவுப் பிரிவுக்குத் தலைமை. அவள் பிசைந்த மாவு வெடிக்காது, எண்ணெய் குடிக்காது என்று பெயர். புதிய சூப்பர்வைசர் ஹர்கீரத் சேகோனும் முதல் மாதம் வாய் நிறைய "அக்கா" என்றுதான் கூப்பிட்டான்.

தலித் மக்கள் கும்பிடும் ஞானி குரு ரவிதாஸின் ஜெயந்தி ஊர்வலத்தில் அவள் கொடி பிடித்து நடந்த படம் யாருடைய போன் வழியாகவோ அவனிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த திங்கட்கிழமை, கழிவுத் தொட்டி கழுவுகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

"ஏன் தம்பி, என் வேலையில என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல. இது உங்க ஆளுங்களுக்குக் கைவந்த வேலைதானே!"

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். பஞ்சாபின் ஜலந்தரிலேயே பரம்ஜித் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த சிரிப்பு, அவளோடு விமானம் ஏறி வந்திருக்கிறது.

ஒன்பது நாள் தொட்டி கழுவினாள். பத்தாம் நாள் புகார் எழுதி மேலாளரிடம் கொடுத்தாள். வெள்ளைக்காரர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"இது உங்க ஆளுங்களுக்குள்ள இருக்கிற விவகாரம்மா. எங்களுக்குப் புரியாது."

"புரியலைன்னா புரிய வைக்கிறேன் சார்," என்று சொல்லிவிட்டு நேரே தொழிற்சங்கத்துக்குப் போனாள்.

சங்கப் பிரதிநிதி ரோசலிண்டா பிலிப்பைன்ஸ்காரி. சாதி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒருத்தியை மட்டம் தட்டுவது என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். பழைய வேலைப் பட்டியல்களைத் தோண்டி எடுத்தாள்.

விசாரணை நாளன்று சேகோன் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "எல்லாரையும் மாத்தி மாத்திப் போடுறேன். சாதிப் பேச்சே நான் பேசல."

ரோசலிண்டா பட்டியல்களை மேசையில் பரப்பினாள். மாறியது ஒரே ஒரு பெயர்தான். அப்போதும் அவன் மசியவில்லை.

பின்வரிசையிலிருந்து உடன் வேலை பார்க்கும் மிந்தோ கில் எழுந்தாள். அவளும் சேகோனைப் போல நிலம் வைத்திருக்கும் ஜாட் சாதி வீட்டுப் பெண். "நானும் அன்னைக்குச் சிரிச்சவதான். அதுக்கப்புறம் என் மூஞ்சியை என்னாலயே பார்க்க முடியல," என்றாள். பிறகு சேகோனிடம் திரும்பினாள். "அவ கை பட்டா ஜனங்க சாப்பிட மாட்டாங்கன்னு எங்ககிட்ட சொன்னியா இல்லியா? போன வருஷம் உன் தங்கச்சி கல்யாணத்துக்கு இங்கிருந்துதானே ரெண்டாயிரம் சமோசா போச்சு? யார் பிசைஞ்ச மாவுடா அது? யாருக்காவது வயிறு வலிச்சுதா?"

மிந்தோவைத் தொடர்ந்து ஒன்பது பெண்கள் எழுந்து, சேகோன் சொன்னதைக் கேட்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

மேலாளர் பரம்ஜித்திடம் திரும்பினார். "நீங்க நாளைக்கே பழைய வேலைக்கு வந்துடலாம்மா."

"எனக்கு மட்டும் சரியானா போதாது சார். எனக்குப் பின்னால வர்றவங்களும் இருக்காங்க. சாதி பார்க்கிறது குற்றம்னு கம்பெனி விதிமுறையில எழுதுங்க. அந்த வார்த்தையையே போட்டு எழுதுங்க. அப்புறம் வர்றேன்."

அதற்கு ஐந்து வாரம் பிடித்தது. அதுவரை அவள் தொட்டி கழுவினாள், ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே. சேகோனின் பதவி போனது. சரக்கு ஏற்றும் இடத்தில் பெட்டி தூக்கினான்.

சாதி என்ற வார்த்தையோடு அறிவிப்பு ஆங்கிலத்திலும் பஞ்சாபியிலும் சுவரில் ஏறிய காலை, பரம்ஜித் அதன் எதிரே நின்று, எந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தாள். பெண்கள் கைதட்டினார்கள். மிந்தோ விசில் அடித்தே விட்டாள்.

"போதும்டி, வேலையைப் பாருங்க!" என்று அதட்டிவிட்டு, முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு மாவுத் தொட்டியில் இரண்டு கைகளையும் இறக்கினாள் பரம்ஜித்.