வேலியோரம் கோர்டி சொன்ன பொய்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் ஊர் மதுக்கடையில் மீன் வறுவலுக்கு உட்கார்ந்திருந்தபோது மார்லிஸ் சொன்னது. அவள் புருஷன் கோர்டி வாண்டஹே பக்கத்திலேயே இருந்தான். மறுக்கவும் இல்லை, தட்டிலிருந்து தலை தூக்கவும் இல்லை. அவள் முடித்த பிறகு என்னிடம், "எழுதுறதுன்னா எழுது. பேரையும் போடு" என்றான்.

போட்டுவிட்டேன்.

2

ஜூலைக் கடைசியில் விஸ்கான்சின் வெயில் ஆற்றின் மேல் விழுந்து

(இது வேண்டாம். ஆற்றுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. கோர்டியின் சந்தோஷத்திலிருந்து தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் அவனை வெறும் அற்பனென்று நினைத்துவிடுவீர்கள்.)

காகித ஆலையில் வேலை பார்க்கிறவன் கோர்டி. அமெரிக்கக் கால்பந்துப் பருவம் முடிந்தால் ஏதோ காலம் தள்ளுவான். எங்கள் அணியின் பயிற்சி முகாம் திறக்கும் நாள் நெருங்கினால் ஆள் மாறிவிடுவான். ஆலையில் லீவு சொல்லிவிட்டு, ஜெர்சியைத் தானே தேய்த்து, விடியும் முன்னே மார்லிஸையும் எழுப்பிக் கிளம்பி, மைதானத்து வேலியோரம் இடம் பிடிப்பான். வீரர்களின் தோள்கவசங்கள் முதல்முறை மோதும் சத்தம் கேட்டால் அவனுக்கு உடம்பு சிலிர்க்கும். ஜூலையில் எந்த அணியும் இன்னும் தோற்றிருக்காது. யாரை வேண்டுமானாலும் நம்பலாம்.

இந்த வருஷமும் அப்படித்தான் போனான்.

3

(ஜனவரியில் நடந்ததை எங்கே சொல்வது? எழுதிய முதல் வடிவத்தில் கடைசிவரை ஒளித்து வைத்திருந்தேன். அது வாசகரை ஏமாற்றுவது. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

ஜனவரியில், தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில், கடைசி உதையைக் கோல் கம்பங்களுக்கு வெளியே அடித்துவிட்டான், பந்தை உதைப்பதற்கென்றே அணியில் இருக்கும் கிக்கர் ஹாலோவெல். மறுநாள் காலை வானொலி நிகழ்ச்சிக்கு போன் போட்டான் கோர்டி. ஹாலோவெல்லின் மனைவி கர்ப்பமாக இருந்தது ஊருக்கே தெரியும்.

"இவன் உதைச்சது எதுவும் நேராப் போகல. அந்தக் குழந்தையாவது நேரா வந்து பொறக்கட்டும்."

தொகுப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வாரம் முழுக்க அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஆலையில் கோர்டியின் முதுகைத் தட்டாதவர் இல்லை. மார்லிஸ் மட்டும் அந்தக் குரல் வந்ததும் ரேடியோவை அணைத்தாள். கோர்டிக்கு அப்போது அது உறைக்கவில்லை.

4

பயிற்சி முடிந்து வீரர்கள் வேலியோரமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஹாலோவெல்லும் வந்தான். அருகில் பார்த்தால் சின்னப் பையன் போலிருந்தான். மூக்கின் மேல் வெயிலில் தோல் உரிந்திருந்தது. அவனைத் தாண்டி மர நிழலில் அவன் மனைவி கைக்குழந்தையுடன் நின்றிருந்தாள். கோர்டிக்குப் பழசு எதுவும் ஞாபகத்தில் இல்லை, சந்தோஷம் மட்டும்தான். தொப்பியை நீட்டினான்.

"இந்த வருஷம் நம்ம வருஷம், தம்பி."

பேனா நின்றது. ஹாலோவெல் நிமிர்ந்து பார்த்தான். கோபமாக அல்ல. எங்கோ கேட்ட குரல் இது என்று தேடுகிறவனைப் போல.

"சார், ஜனவரியில ரேடியோல பேசினது நீங்களா?"

"நானா? நான் ரேடியோவே கேக்குறதில்லப்பா."

மார்லிஸ் பக்கத்தில் நின்றிருந்தாள்.

ஹாலோவெல்லின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க சார். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான். கையெழுத்தை முடித்து, தொப்பியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளிடம் போனான்.

(அவன் கோபப்பட்டதாக ஒருமுறை எழுதிப் பார்த்தேன். கோர்டிக்கு அது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

5

வீடு திரும்பும் வழியில் மார்லிஸ் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"அந்தப் பையன் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டான், கோர்டி."

அன்றைக்குக் கோர்டி சாப்பிடவில்லை. மறுநாள் காலை, மார்லிஸை எழுப்பாமல், அதே வேலிக்குத் தனியே போனான். சொல்லிவிடுவது என்றுதான் போனான். ஹாலோவெல் வந்தான், அடையாளம் தெரிந்து சிரித்தான். முந்தின நாள் கேட்டதற்குக் கூச்சப்படுகிறவனின் சிரிப்பு. கோர்டி வாயைத் திறந்தான். பிறகு ஜெர்சியின் ஓரத்தை இழுத்து நீட்டினான். அதிலும் கையெழுத்து விழுந்தது.

இவ்வளவுதான் நடந்தது. ஆகஸ்டில் அணி ஹாலோவெல்லை நீக்கிவிட்டது. மனைவி குழந்தையோடு தெற்கே எங்கோ போய்விட்டானாம்.

ஒரு முடிவில் கோர்டியைப் பேச வைத்தேன். அழகாகப் பேசினான். அது என் பேச்சு. காகித ஆலைக்காரன் பேச்சல்ல. இன்னொன்றில் ஹாலோவெல்லுக்கு உண்மை முன்பே தெரியும், பெருந்தன்மையாக விட்டுவிட்டான் என்று எழுதினேன். மார்லிஸிடம் படித்துக் காட்டினேன். "கோர்டியைத் தப்பிக்க விடாத" என்றாள்.

ஆகவே கோர்டியை வேலியோரமே விட்டிருக்கிறேன். வாய் திறந்திருக்கிறது. எதிரே அந்தப் பையன் பேனாவோடு காத்திருக்கிறான். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் இங்கே எழுதுங்கள், அழகாக இருக்க வேண்டாம்:

"தம்பி, நான்