நாற்பத்தேழாம் தூண்

கண்ணாடிக் கதவருகே பிகாஜி செருப்பைக் கழற்றிவிட்டார். கழற்றிய பிறகுதான் உறைத்தது, மற்றவர்கள் எல்லாரும் காலணியோடு உள்ளே போகிறார்கள். மும்பை பரேலில், மில்லாக இருந்த இதே வாசலில் இருபத்திரண்டு வருஷம், தறியைத் தொட்டுக் கும்பிடப் போகிற காலில் செருப்பு இருந்ததில்லை. மில்லை மூடி, ஓட்டலாக்கி, விளக்குப் போட்டது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

"என்ன சம்பந்தி, இது கோயிலா?" என்று சிரித்தாள் மாப்பிள்ளையின் அம்மா விஜயா.

"தறிக்கூடம்ங்க. அதோ, அந்த நாப்பத்தேழாம் நம்பர் தூண்கிட்டதான் என் தறி."

மகள் சாயலியின் முகம் சுண்டியது. அப்பா துணிக் கம்பெனி மேனேஜர் என்று சொல்லிவைத்திருந்தாள். 'மில்லுன்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க பாபா' என்று காலையில்கூடக் கெஞ்சினாள். நாலு இடம் தட்டிப்போய், முப்பத்தொரு வயதில் அவளே விரும்பித் தேடிக்கொண்ட பையன். இரு வீட்டாரும் முதல்முறை பார்த்துப் பேச இந்த ஓட்டலைச் சொன்னது அவன் வீட்டார்.

உள்ளே பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. நூல் சுற்றும் பழைய பாபின் கட்டைகளைக் கோத்துச் சரவிளக்காகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆளாளுக்குக் கத்திப் பேசினார்கள். தறி ஓடிய காலத்தில் இங்கே யாரும் கத்தியதில்லை. கத்தினாலும் கேட்காது. உதட்டை அசைத்தால் போதும், நாலு தறி தாண்டிப் புரிந்துவிடும். நூல் சுற்றும் பகுதியிலிருந்து பாபின் கொண்டுவந்த சுலபாவிடம், கட்டிக்கிறியா என்று அவர் கேட்டதும் அப்படித்தான், சத்தமில்லாமல். அவள் சரி என்றதும் அப்படியே.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் விஜயா தன் கணவரிடம் சாய்ந்தாள். பாட்டுச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் அவள் உதடுகள் பிகாஜிக்கு நேராக இருந்தன.

'சாப்பிட்டுக் கிளம்பிடலாம். பையனுக்கு வீட்டுல போய்ச் சொல்லிக்கலாம். பொய் சொல்ற மில்லுக்காரன் வீடு நமக்கெதுக்கு?'

பிகாஜி குனிந்து தட்டைப் பார்த்தார். நிமிர்ந்தபோது, மாப்பிள்ளைப் பையன் எதையோ சொல்ல, சாயலி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காயிற்று.

விஜயாவின் வரிசையிலேயே கடைசியில் இருந்த சுலபா அவரைப் பார்த்து உதட்டை அசைத்தாள். 'என்ன சொல்றாங்க?'

'பொண்ணப் பிடிச்சிருக்காம்.'

சுலபா அவர் வாயையே சற்று அதிக நேரம் பார்த்தாள். பிறகு, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க வீட்டில் கிளறி எடுத்துவந்த தேங்காய் பர்பி டப்பாவை மேஜையிலிருந்து மடிக்கு இறக்கி, மூடியைத் திறக்காமல், இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.